கதாநாயகி ஓட்டிய கார்

மூன்றாம் முறையாகக் காரைப் பின்னுக்கு எடுத்து வரப்பு முனையில் நிறுத்தியபோது, எஸ்றாவின் சேலை முந்தானை கியர்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துவிட்டுச் சவுரிமுடியைச் சரிசெய்தார். உள்ளே வேர்வை ஊறித் தலை அரித்தது. மதராஸிலிருந்து வந்திருந்த சினிமாக் கம்பெனியின் கதாநாயகிக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரும் உப்பளமும் பால்துரையுடையவை. எஸ்றா பத்து வருஷமாக அவருக்கு டிரைவர். "ஒல்லியாத்தானல இருக்கே, நீயே சேலையக் கெட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

காலையில் மீசையை எடுத்துவிட்டு வந்தவரை மனைவி கிருபை ஏறிட்டே பார்க்கவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம கோயிலுக்கும் இந்த மூஞ்சியோடதான் வரப் போறியளா?" என்று மட்டும் கேட்டாள்.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப் ஒன்றில் வில்லனின் ஆட்கள் துரத்த, கதாநாயகி இடுப்புயர உப்புக் குவியல்களைச் சிதறடித்துக்கொண்டு தப்பிப் போகிறாள். அதுதான் காட்சி. துரத்தல் என்று பேரே தவிர, மாட்டுவண்டி வேகம்தான். காமிராவை மெதுவாகச் சுற்றினால் படத்தில் பறக்கும் என்றார் டைரக்டர். முதல் குவியலை இடித்தபோது மேகம் வெயிலை மறைத்தது. இரண்டாவதை இடித்தபோது ஜீப் சேற்றில் சிக்கியது. எஸ்றாவுக்கு இடுப்பு கடுத்தது. இதோடு முடிந்தால் போதும் என்று வண்டியை எடுத்தார்.

மூன்றாவது குவியலின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சுடலைமாடத்தி, அளத்தில் உப்பு வாருகிறவள். முதலாளியோடு வரும்போதெல்லாம் தூரத்தில் பார்த்த முகம். எஸ்றா பிரேக்கை மிதித்தார். அவள் எழுந்து கார் ஜன்னலருகே வந்தாள்.

"தாயி, நாலு நாளா வாரிச் சேத்தது. அளக்குமுன்ன செதறிட்டா எங்களுக்குக் கூலி கெடையாது. நீயும் பொம்பளதான, கொஞ்சம் ஒதுங்கிப் போவக் கூடாதா?"

எஸ்றா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். குனிந்து மடியில் கிடந்த வளையல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே எஸ்றா! என்னலே பாத்துக்கிட்டு நிக்கே? எடுலே வண்டிய!" காமிரா லாரியிலிருந்து முதலாளி கத்தினார்.

சுடலைமாடத்தி எஸ்றாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். சாயம் பூசிய உதடு, மழித்த மேலுதட்டின் பச்சை நிறம்.

"ஆம்பளையா" என்றாள், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. பிறகு வழிவிட்டு விலகி நின்றாள்.

அவள் சிரித்திருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவர் வண்டியை எடுத்திருப்பார். எஸ்றா இன்ஜினை அணைத்தார்.

பால்துரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வேகமாக வந்தார்.

"பிரேக்கு பிடிக்கல மொதலாளி."

"இப்பத்தானலே பிடிச்சே?"

"அதோட போயிட்டு."

வெயில் இறங்கிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று டைரக்டரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். முதலாளி கையை நீட்டினார்.

"சாவியக் குடு. நாளைக்கு வேற டிரைவரு வருவான். நீ வர வேண்டாம்."

நாளைக்கு மட்டுமா, இனி எப்போதுமா என்று கேட்க எஸ்றாவுக்குத் தெம்பில்லை. சேலையை அவிழ்த்து மடித்துக் கம்பெனி ஆளிடம் கொடுத்தார். வளையல்களைக் கழற்றும்போது ஒன்று உடைந்து கையைக் கீறியது. காக்கி நிக்கரோடு சுடலைமாடத்தியிடம் போனார்.

"இன்னைக்கே அள்ளி அந்தப் பக்கமாப் போட்டுரும்மா."

"எங்க போட? அந்தப் பக்கமும் அவுக அளம்தான" என்றவள், உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

முகத்துச் சாயத்தோடு ஊருக்குள் போக முடியாது. பக்கத்தில் நல்ல தண்ணீரும் இல்லை. எஸ்றா வாய்க்காலில் குனிந்து உப்புநீரை அள்ளி முகத்தில் அடித்துத் தேய்த்தார். கண் எரிந்தது. வேலை முடிந்த பெண்கள் வரப்பில் வரிசையாக வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவர்கள் கடந்து போகட்டும் என்று, தாடையிலிருந்து சிவப்பாக நீர் சொட்டச் சொட்ட, கண்ணை மூடியபடி அப்படியே குனிந்து நின்றார்.