பதினைந்து நிமிடத்தில் மறுதொடக்கம்

1

இந்தக் கதை பிறந்தது என் மறதியில். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி ஒப்புக்கொள்ள வைப்பாள்.

மூன்று வருடங்களாக அவளும் என் அக்காவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இருவருக்கும் வேலை ஒரே தேர்வு மையத்தில். மனைவி தரைத்தளத்தில் நெட்வொர்க் பொறியாளர், அக்கா நான்காம் மாடியில் தேர்வுக் கண்காணிப்பாளர். அலுவலகச் செய்திகூட என் வழியாகத்தான் போகும். "நாளைக்குப் பரீட்சை மதியம் இல்ல, காலைல பத்து மணிக்குன்னு அவகிட்ட சொல்லிடுடா" என்றாள் அக்கா.

நான் சொல்லவில்லை.

2

[அன்று காலை வானம் இருண்டு... வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையே இல்லை.]

முதல் வரைவில் மனைவியை அலட்சியக்காரியாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நானா அலட்சியம்? நேரம் மாறினத யாரு சொல்லல?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

தேர்வு மதியம்தானே என்று பத்தரை மணிக்கு, நான்காம் மாடிக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் ஐபி முகவரியை மாற்ற உட்கார்ந்தாள். (முகவரி இல்லாமலும் சுவிட்ச் கணினிகளை இணைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இருந்த இடத்திலிருந்தே அதற்குள் நுழைய, கட்டளையிட, உடம்புக்கு என்னவென்று கேட்க, முகவரி வேண்டும். இங்கே ஓர் உவமை போடக் கை துறுதுறுக்கிறது, போடமாட்டேன்.)

அவள் தொழிலில் ஒரு வழக்கம். முகவரியில் கைவைக்குமுன், பதினைந்து நிமிடத்தில் தானே அணைந்து எழும்படி சுவிட்சுக்குச் சொல்லிவைப்பார்கள். வேலை சரியாக முடிந்தால் உள்ளே போய் அதை ரத்துசெய்யலாம். தப்பாகி வெளியே மாட்டிக்கொண்டால், சேமிக்காத மாற்றம் அழிந்து, அது பழைய முகவரியோடு எழும்.

ஓர் எண்ணைத் தப்பாகத் தட்டினாள். தொடர்பு அறுந்தது. பதறவில்லை, டீ எடுக்கப் போனாள்.

"மெதுவா போங்கம்மா, மேல பரீட்சை நடக்குது" என்றார் காவலாளி.

4

முப்பது பேர் எழுதுகிறார்கள். சுவிட்ச் அணைந்து நடுவில் இணைப்பு போனால் தேர்வு செல்லாது. அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான். இணைப்பு போகுமுன் கண்காணிப்பாளர் இடைநிறுத்தினால் தேர்வு பிழைக்கும். (நேரில் போய்க் கேபிள் மாட்டி மறுதொடக்கத்தை ரத்துசெய்யலாமே என்பவர்களுக்கு: சுவிட்ச் அலமாரியின் சாவியும் அக்காவிடம்.)

எனக்குப் போன் செய்தாள். நான்கு முறை. நான் வேறொரு கதையின் முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போனின் வாயை அடைத்து வைத்திருந்தேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மிச்சம் நான்கு நிமிடம். படியேறினாள்.

5

முடிவு ஒன்று: [அக்கா கண்கலங்கி... பொய். என் அக்காவை எனக்குத் தெரியும்.]

முடிவு இரண்டு: ["மன்னிச்சிடுங்க அண்ணி" என்று அவள்... இது அதைவிடப் பெரிய பொய்.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பத்து நாற்பத்துநான்குக்குத் தேர்வு நிறுத்தப்பட்டு, மூன்று நிமிடம் கழித்துத் தொடர்ந்தது. முப்பது பேரும் எழுதி முடித்தார்கள். தேர்வறை வாசலில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று இருவரையும் கேட்டேன். "உனக்கெதுக்குடா அது?" என்றாள் அக்கா. "உங்க அக்காவையே கேளுங்க" என்றாள் மனைவி.

இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள்: ....................

அக்கா: ....................

ஆனால் நடுவில் என்னை நுழைக்காதீர்கள். அன்று மாலை அக்காவின் அழைப்பு வந்தது. வழக்கம்போல் என் போனைக் கையில் எடுத்தேன். அடித்தது மனைவியின் போன்.