முகம் கீறாத படம்

அனுஜா ஸ்ராண்டிலிருந்து படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்தாள். படத்துக்குப் போட்டிருந்த மாலையும் கையோடு வந்துவிட்டது. அதைச் சவப்பெட்டியின் கால்மாட்டில் போட்டாள்.

"என்னடி பிள்ளை செய்யிறாய்!"

ஐரிஸ் மாமி கோப்பிக் கோப்பையோடு ஓடி வந்தாள். அப்பாவின் தமக்கை. முந்தாநாள் காலை சப்பாத்து நூல் கட்டக் குனிந்த தம்பி குனிந்தபடியே போய்விட்டான் என்று கேள்விப்பட்ட நிமிடத்திலிருந்து, செத்தவீட்டை அவள்தான் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள்.

"கனடாவில எல்லாரும் லைவ்வில பாத்துக்கொண்டிருக்கினம். திருப்பி வை அதை."

"உது அப்பா இல்லை மாமி."

அதில் பொய் ஒன்றுமில்லை. அப்பா கொலின்ஸ் இருபத்திரண்டு வருடம் மானிப்பாய் ஓட்டத்தில் தனியார் பஸ் கொண்டக்ரர். கோட்டு, ரை எல்லாம் அவர் சேர்ச்சில் பாஸ்ரரின் மேலேதான் கண்டிருப்பார். ஸ்ரூடியோக்காரன் அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி, எவனோ ஒருவனின் கோட்டுக்கும் ரைக்கும் மேலே ஒட்டிக் கொடுத்துவிட்டான். அந்த எவனோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், விரலில் மோதிரம் வேறு. கொலின்ஸாவது, கை கட்டி நிற்பதாவது! சாப்பிடும்போதே இரண்டு தரம் எழும்பி வாசலுக்குப் போய் வருகிற மனிதர்.

அவர் நிற்கமாட்டார் என்பது அனுஜாவைப் போல வேறு யாருக்குத் தெரியும்? ஒரு வருடமாக அவரைத்தானே படமாகக் கீறினாள். பழைய டப்லெற் ஒன்று, அதற்கொரு பேனை, இணையத்தில் ஒரு வகுப்பு. வகுப்பில் சொன்னது இவ்வளவுதான்: முப்பது வினாடி. முகம் கீறாதே. உடம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அந்த ஓட்டத்தைப் பிடி. கோடு பிழையாய் வந்தால் அழிக்காதே, அடுத்ததைக் கீறு.

"ஒருக்கா ஆடாமல் நில்லுங்கோவன் அப்பா."

"நிண்டா பஸ் விட்டிட்டுப் போயிடும் பிள்ளை."

முப்பது வினாடி முடிந்ததும் டப்லெற்றில் மணி அடிக்கும். அந்த மணி அவருக்குப் பிடிக்காது. தானே மனதுக்குள் எண்ணுவார். எண்ணி முடிந்ததும் உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டு. "றைற்!" பஸ்ஸை எடுக்கச் சொல்கிற அதே குரல். அவள் பேனையைத் தூக்கிவிட வேண்டும். அப்படி நானூற்றுப் பன்னிரண்டு படம்.

காலையில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அவள் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கீறப் பார்த்தாள். அவர் ஆடவேயில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரே நேர்க்கோடு. முப்பது வினாடிகூடத் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் திரையைத் தட்டி அதை அழித்தாள். ஒரு வருடத்தில் அவள் அழித்தது அந்த ஒன்றைத்தான். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்படியொரு நேர்க்கோட்டையும், எவனோ உடுத்திய கோட்டையும் வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிடலாம் என்று இவர்கள் நினைக்கிறார்களே என்ற கோபம்.

இப்போது அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றை எடுத்து, டப்லெற்றை ஸ்ராண்டில் நிறுத்தினாள். பேனை ஓடிய ஓட்டத்தையெல்லாம் அந்த மென்பொருள் பதிந்து வைத்திருந்து திரும்ப ஓட்டிக் காட்டும். வெள்ளைத் திரையில் சரிவாக ஒரு கோடு பாய்ந்தது. மேலே எதையோ கொளுவிப் பிடிக்கிற ஒரு கை. காற்றில் ஒரு கால். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒன்றுமில்லை. பிறகு எல்லாம் மறைந்து முதலிலிருந்து தொடங்கியது.

"ஐயோ கர்த்தரே, மூக்கு முழி ஒண்டுமில்லை. கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். உங்கடை படத்தில தலை மட்டும்தான் அப்பான்ரை. என்ரை படத்தில முகம் மட்டும்தான் இல்லை."

மாமி கையை நீட்டினாள். அனுஜா ஸ்ராண்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இதை எடுத்தியளெண்டா நான் சேர்ச்சுக்கு வரமாட்டன். சத்தியமா வரமாட்டன்."

லைவ் எடுத்துக்கொண்டிருந்தவன் கமராவைக் கீழே இறக்கினான். பிறகு தொழில் தொழில்தானே, மெல்ல உயர்த்திப் பிடித்தான்.

அந்த நேரம் செல்வநாயகம் வந்தார். கொலின்ஸ் வேலை செய்த பஸ்ஸின் சாரதி. அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போகிற சனத்தை ஏற்ற முதலாளி அதே பஸ்ஸைத்தான் அனுப்பியிருந்தார். செல்வநாயகம் பெட்டிக்குள் பார்த்தார், தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. நிமிர்ந்தபோது திரை கண்ணில் பட்டது. ஒரு தரம் பார்த்தார். இரண்டாம் தரமும் பார்த்தார்.

"புட்போட்டில நிண்டா இடக்கால் எப்பவும் வெளியில," என்றார். "எத்தினை தரம் பேசியிருப்பன். கேட்டவனே?"

"செல்வநாயகம், நீர் ஒருக்காச் சொல்லும் இவளுக்கு," என்றாள் மாமி. "முகமில்லாத படத்தை ஆரும் வைப்பினமே?"

"முகத்தை ஆர் கண்டது அக்கா? நான் பஸ்ஸின்ரை சைட் கண்ணாடிக்குள்ளாலை இருபத்திரண்டு வருசமாக் கண்டது இவனைத்தான்."

சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மாமி திரையின் பக்கம் திரும்பினாள். கோடு பாய்ந்தது, கை கொளுவியது, கால் காற்றில் எழும்பியது.

"சார்ஜ் எவ்வளவு கிடக்கு?"

"பதினெட்டு வீதம்."

"வயரைக் கொண்டந்து குத்து. செபத்துக்கு நடுவில நிண்டுதெண்டா அதுவும் வெக்கக்கேடு."

சேர்ச்சில் ஆராதனை முடிந்தது. பிரேத வண்டி சந்திவரை போய்விட்டது. பின்னால் பஸ் சனத்தால் நிரம்பி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பஸ் நகரவில்லை. ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். செல்வநாயகம் ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இடப்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுஜா வாசல் புட்போட்டில் ஏறி, வலக்கையால் கம்பியைக் கொளுவிப் பிடித்தாள்.

"பொம்பிளைப்பிள்ளை, உள்ளுக்கு வாடி!" மாமி உள்ளேயிருந்து கத்தினாள்.

அனுஜா இடக்கையால் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"றைற்!"

பஸ் நகர்ந்தது. அவள் இடக்காலை உள்ளே எடுக்கவில்லை.