கணவாயில் பிடித்த கை

புட்டை இறக்கிக்கொண்டு திரும்பினால் மேரிறோஸ் என்னுடைய கதிரையில் இருக்கிறாள். இருக்கட்டும், கதிரையில் என் பெயரா எழுதிக் கிடக்கிறது. ஆனால் "தேவன், நீர் நல்லா உடம்பு வைச்சிட்டீர்" என்று என் மனிசனைப் பார்த்துச் சொன்னாளே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டனில் நாங்கள் இருக்கிற ஹரோவில் சின்னன் பெரிசு எல்லோருக்கும் அவர் வாமதேவன் அண்ணை. கட்டின நானே இன்றுவரை "நீங்கள்" என்றுதான் கதைக்கிறேன். இவளுக்கு மட்டும் தேவன், நீர்.

இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதே போன கிழமைதான் எனக்குத் தெரியும். சுவிசிலிருந்து போன் வந்தது. லண்டன் பார்க்க வருகிறாளாம். எண்பத்தெட்டில் இவர் இத்தாலியிலிருந்து மலை தாண்டி சுவிசுக்குள் போனபோது கூட நடந்தவளாம். அந்த மலைக்கணவாய்க் கதை எனக்குப் பாடம். எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் இரண்டாவது கிளாசோடு இவர் தொடங்கிவிடுவார். கண்ணை மறைக்கிற புகார், பனி, கால் வைக்க இடமில்லாத பாதை, பயந்து நின்ற சனத்தையெல்லாம் தான் முன்னுக்கு நின்று கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கதையில் காசு வாங்கி எல்லை கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரன் வருவான், வழிகாட்டிக் கிழவன் வருவான், அவனுடைய நாயும் வரும். மேரிறோஸ் ஒருநாளும் வந்ததில்லை.

இவர் சுவிசை விட்டு லண்டனுக்கு வந்த பிறகு, இவருடைய ஸ்பொன்சரில் நான் பிளேனில் வந்து இறங்கினவள். சொல்ல எனக்கொரு மலையுமில்லை, பனியுமில்லை. ஆனால் ஒன்று இருந்தது. ஸ்டேசன் மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் இவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். விரல் கோர்ப்பதில்லை, மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். என் மச்சாள் சிவமலர் கண்டால் "புதுச்சோடி போகுது" என்று நக்கலடிப்பாள். சும்மா இரடி என்று அதட்டுவேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோசத்தில் சரியான புளுகம்.

சாப்பிட்டு முடிய அவள் பையிலிருந்து படங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். கணவாய்க்குக் கீழே உள்ள ஊரிலேயே தங்கிவிட்டாளாம், அங்கே ஒரு சின்ன மியூசியத்தில் கூட்டித் துடைக்கிற வேலையாம். அந்தக் காலத்தில் அந்த வழியால் முதலில் போனது காணி தேடின குடும்பங்கள் என்றாள், மாடு கன்றோடு, கைக்குழந்தைகளோடு. பிறகு இத்தாலிப்பக்கம் தங்கம் கிண்டத் தொடங்க, சுரங்க வேலைக்குப் போனவர்கள். பனிக்குள் போய் வராதவர்கள் எத்தனையோ பேராம். இவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவாய் உச்சியில் இருந்த கல்லுச் சிலுவை இப்போதும் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது, அதற்குப் பக்கத்தில்தானே நாங்கள் பிஸ்கட் தின்றது என்றாள் அவள். எனக்குத் தெரியாத ஓரிடத்தில் நின்று இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்காமலே நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டேன்.

திரும்பி வரும்போது ஒரு படத்தை என் பக்கம் தள்ளினாள். அந்தக் காலத்துச் சுரங்கக்காரர் வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் போகிறவன் கையைப் பின்னுக்கு நீட்ட, அடுத்தவன் அவன் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான்.

"உள்ளங்கை வேர்க்கும், வழுக்கிப்போடும். மணிக்கட்டு வழுக்காது," என்றாள். "அந்த வழிகாட்டிக் கிழவன்தான் எங்களுக்கும் காட்டித்தந்தவன். இல்லாட்டி இவரைக் கொண்டுவந்திருக்க ஏலாது. உயரமெண்டால் இவருக்குச் சரியான பயமெல்லோ. உச்சியில குந்திக்கொண்டு, என்னை விட்டிட்டுப் போங்கோ எண்டு குழறினவர். நான்தான் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி இறக்கினது."

பொய் என்று இவர் சொல்லுவார் என்று பார்த்தேன். சிரித்தார். கண் கலங்கியிருந்தது. தாய் செத்த செய்தி வந்த அன்றும் என் முன்னால் ஒரு சொட்டு விடாமல் ஷிப்டுக்குப் போன மனிசன். மேம்பாலத்தில் என் கை எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிடியைப் பழக்கினவளும் இவள்தான். இரண்டு பேருக்கும் ஏதும் தொடுப்பு இருந்தது என்றிருந்தால்கூடச் சண்டை பிடித்துத் தீர்த்திருப்பேன். இதற்கு நான் யாரோடு சண்டை பிடிக்கிறது?

கோப்பை கழுவுகிற சாட்டில் இவரைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று.

"உமக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"அவளுக்கு முன்னால வெக்கமில்லையோ?"

"அவள் பாத்தவளெல்லோ," என்றார்.

அடுத்தநாள் காலை அவளை ரயிலேற்றப் போனோம். மேம்பாலப் படியடியில் நான் இரண்டு கையையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன். வேண்டுமென்றுதான். இன்றைக்கு என்ன செய்கிறார் பார்ப்போம் என்று. இவர் முதல் படியில் நின்றார். என் பொக்கற்றைப் பார்த்தார். மேலே ஏறிக்கொண்டிருந்த மேரிறோஸ் தன் மகனின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, திரும்பியும் பார்க்காமல், பையை மற்றக் கைக்கு மாற்றி வெறுங்கையைப் பின்னுக்கு நீட்டினாள். சட்டைக்கை மேலேறி மணிக்கட்டு வெளியில் தெரிந்தது.

இவர் அசையவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் ரயில் வரும் சத்தம் கேட்டது. பொக்கற்றுக்குள் என் உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது.