ஹெல்மெட்டுக்குள் மாப்பிள்ளை

நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நடராசனுக்கு மாப்பிள்ளை மேல் மனத்தாங்கல் வந்துவிட்டது. நகை கேட்டாரா, வண்டி கேட்டாரா என்றால் அதெல்லாம் கிடையாது. பையன் சித்தார்த்தன் தங்கமான குணம், நல்ல வேலை, சிரித்த முகம். அந்தச் சிரித்த முகம்தான் கண்ணில் படவில்லை என்பது மாமனாரின் புகார்.

நடராசனுக்குக் கூட்டேரிப்பட்டில், நெடுஞ்சாலையோரம் மாவு மிஷின். கேப்பையும் மிளகாயும் அரைத்து அரைத்துப் புருவம் வரைக்கும் மாவு படிந்துபோன மனிதர். காலையில் மிஷினைப் போடுவதற்கு முன் பிரான்சிஸ் கடையில் ஒரு டீ குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. சித்தார்த்தனுக்கு ஊர் விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூர். வேலை திண்டிவனத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில். தினமும் பைக்கில்தான் போய்வருவார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிறவர் இந்த டீக்கடையைத் தாண்டித்தானே போயாக வேண்டும்?

பெண் கொடுக்கப்போகிறவரை வழியில் பார்த்தால் வண்டியை விட்டு இறங்கி இரண்டு வார்த்தை பேச வேண்டும். இறங்க நேரமில்லை என்றால் வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடாவது போட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் மீறினால் மட்டும் ஊரே கணக்கில் வைத்துக்கொள்ளும்.

அந்த முதல் நாள், நடராசன் கடையிலிருந்த அத்தனை பேரிடமும் மாப்பிள்ளை வரப்போவதைச் சொல்லி வைத்துவிட்டார். பைக்கும் வந்தது. ஆனால் மேலே இருந்த தலை, கழுத்துவரை மூடிய ஒரு கறுப்பு உருண்டை. நடராசன் கையைத் தூக்கினார். உருண்டை இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேராகப் போயே போய்விட்டது. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நடராசன் தலையைச் சொறிந்துகொண்டார்.

"யாருண்ணே அது, உங்க மாப்ளையா?" என்று கேட்டான் கேபிள் டிவி நடத்தும் புகழேந்தி. அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே கேட்பான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். வீட்டில் போய்ப் பெண்டாட்டியிடம் முறையிட்டார். "அவுரு ரோட்டப் பாத்துக்கினு போறாரு. உன்னியப் பாத்துக்கினு போனா எங்க போய் உழுவாரு?" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். இந்த வீட்டில் தன் மானம் மரியாதை பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்று நடராசனுக்கு வருத்தமாக இருந்தது.

டீக்கடையில் மட்டும் அக்கறைக்குப் பஞ்சமில்லை.

"மனுசங்க மேல தப்பு இல்லண்ணே, ஹெல்மெட்டு மேல தப்பு" என்றான் புகழேந்தி. "என்னுத பாருங்க, ஓப்பன் ஃபேஸு. வாய மூடாது. முன்னால கண்ணாடி மட்டும்தான், வேணும்னா எறக்கிக்கலாம், வேணான்னா தூக்கிக்கலாம். காத்து வரும். கழட்டாமலே டீ குடிக்கலாம், வழி கேக்கலாம், கண்டவங்களுக்கு வணக்கம் வக்கலாம்."

"ஆமா, வேகமா போனா கீழேர்ந்து காத்து பூந்து கண்ணாடி தானா மேல ஏறிக்கும். அப்புறம் ரோட்ல இருக்கற பூச்சியெல்லாம் உன் வாய்க்குத்தான்" என்றார் பிரான்சிஸ், டீயை ஆற்றிக்கொண்டே. "மழை வந்தா இன்னும் பேஜாரு. நான் ஓட்டிப் பாத்துட்டுத்தான்யா சொல்றேன். முழு ஹெல்மெட்டு மாதிரி வராது."

நடராசன் பூச்சியைப் பற்றிய பகுதியைக் காதில் வாங்கவில்லை. வணக்கம் வைக்கலாம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அன்று மதியமே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"ஐயோ, நீங்க நின்னதையே கவனிக்கல மாமா" என்று சித்தார்த்தன் பதறிப்போனார். "அதுல பக்கவாட்டுல சரியா தெரியாது மாமா."

"அதுக்குத்தான் சொல்றேன் மாப்ள. முகம் தெரியற மாதிரி ஒண்ணு வாங்கிக்குங்களேன். முன்னால கண்ணாடிகூட இருக்குதாம்."

இரண்டு நாள் கழித்து அதே பைக் வந்தது. மேலே வெள்ளை ஹெல்மெட், கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்க, நடுவே மூக்குக் கண்ணாடியும் மீசையும் வாயெல்லாம் பல்லுமாக மாப்பிள்ளை. வண்டியை ஓரங்கட்டி, "மாமா, வணக்கம்" என்று இறங்கினார். நடராசனுக்குத் தலைகால் புரியவில்லை. பிரான்சிஸிடம் ஸ்பெஷல் டீ சொன்னார், போண்டா சொன்னார், கடைக்குச் சம்பந்தமே இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றவர்களைக்கூட அழைத்து அறிமுகம் செய்துவைத்தார். சித்தார்த்தன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு போண்டாவைத் தின்று முடித்தார். அதில் அவருக்கே ஒரு ருசி ஏற்பட்டுவிட்டதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நடராசனுக்கு ராஜயோகம். எல்லாம் அன்புச்செல்விக்கு லீவு வருகிறவரைக்கும்தான்.

அன்புச்செல்வி அவருடைய ஒரே மகள், கல்யாணப் பெண். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கும் வார்டில் நர்ஸ். லீவு நாள் காலையில் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று டீக்கடைக்கு வந்தவள், கட்டிக்கொள்ளப்போகிறவர் பைக்கில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இன்னா ஹெல்மெட் இது? பழசு எங்க?"

சித்தார்த்தன் வாயிலிருந்த வடையை விழுங்கிவிட்டு, கையால் நடராசனைக் காட்டினார்.

அவள் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு இட்லி வைத்து, சட்னி ஊற்றி, எதிரில் உட்கார்ந்துகொண்டுதான் ஆரம்பித்தாள்.

"பத்திரிகை அடிக்க வேணாம்னு இப்பத்தான் அவங்க வீட்டுக்குப் போன் போட்டு சொல்லிட்டேம்ப்பா."

நடராசனுக்குக் கையிலிருந்த இட்லி கையிலேயே நின்றது.

"தலை தப்பிச்சி வர்றவங்க எத்தினி பேரு தெரியுமா உனுக்கு? மண்டைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. தாடை ரெண்டா போயிருக்கும். பல்லோட பல்லு சேத்துக் கம்பி போட்டுக் கட்டிருப்பாங்க. கஞ்சியக் குழாய் வச்சி உறிஞ்சணும். நான்தான் டம்ளரப் புடிச்சிக்கினு பக்கத்துல நிக்கிறேன். வேலைக்குப் போற எடத்துல பாக்கறது போதாதா? வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா?"

"அவுரு மெதுவாத்தான் ஓட்டுவாரு…"

"பின்னால வர்ற லாரி மெதுவா வருமா? தாடைய மூடுற ஹெல்மெட்டு போட்டாத்தான் கல்யாணம். நீ கழட்ட சொன்ன, நீயே மாட்ட வையி."

சண்டை போட்டிருந்தால்கூட சமாளித்திருப்பார். அவள் குரலே உயரவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அழுதால் சமாதானம் செய்துவிடலாம், கண்ணில் நிறுத்தி வைத்தால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். நடராசனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாலு பேர் முன்னால் ஒரு வணக்கத்துக்கு ஆசைப்பட்டு மகள் கல்யாணத்தையே நிறுத்திவிட்டேனே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். உடனே போனை எடுத்தார்.

மாப்பிள்ளை மறுப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"நீங்கதான மாமா மாத்தச் சொன்னீங்க? பழச ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டேன். இது எவ்ளோ சௌகரியமா இருக்குது தெரியுமா? அதுல மூச்சு வுட்டா மூக்குக் கண்ணாடியில பனி மூடிக்கும். தலைய உள்ள நுழைக்கறதுக்குள்ள காது பிஞ்சி கைல வந்துடும். வெயில்ல சிக்னல்ல நின்னா வேக்காடு. நான் எப்பவும் அம்பதுலதான் மாமா போறேன். அன்புகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்களேன்."

நடராசன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். மகளுக்கு மாப்பிள்ளையின் தாடை வேண்டும், மாப்பிள்ளைக்குக் காற்று வேண்டும். தனக்கு என்ன வேண்டும் என்று இப்போது கேட்பார் யாருமில்லை. அன்று அரைக்க வந்த கேப்பையில் பாதியை மிளகாய் அரைத்த மிஷினில் கொட்டிவிட்டு, கேப்பை கொண்டுவந்த அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார அவள் சம்மதிக்கவில்லை. நடராசன் தலையில் எந்த ஹெல்மெட்டும் கிடையாது என்பது காரணம். சித்தார்த்தனையும் வரச்சொல்லி, மூன்று பேரும் மொய்தீன் பிச்சையின் ஹெல்மெட் கடையில் கூடினார்கள். மொய்தீன் பிச்சை கோட்டக்குப்பத்துக்காரர், பல வருஷம் துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவர். கடை வாசலில் பலாக்காய் காய்த்த மாதிரி ஹெல்மெட்டாகத் தொங்கியது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் உற்சாகமாகிவிட்டார். "ஓப்பன் ஃபேஸு கேட்டு வர்றவங்க மூணு ரகம்ங்க. மூக்குக் கண்ணாடி போட்டவங்க ஒண்ணு. வாயில பாக்கு போட்டவங்க ஒண்ணு. நம்ம மூஞ்சி நாலு பேருக்குத் தெரியணும்னு நெனைக்கிறவங்க ஒண்ணு."

"நாலாவது ரகம் ஒண்ணு இருக்குது பாய்" என்றார் சித்தார்த்தன். "மாமனார் இருக்கறவங்க."

மொய்தீன் பிச்சை சிரித்தார். அன்புச்செல்விக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நடராசன் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, தப்பு என்னுதுதான். உங்கள நாலு பேருக்குக் காட்டி பெருமை அடிச்சிக்கணும்னு பாத்தேன். எம்பொண்ணு ஆசைக்காக இந்த ஒண்ண மட்டும் ஒத்துக்குங்க."

"மாமா, அதுல எனக்கு நெசமாவே முடியல மாமா" என்று சித்தார்த்தன் பரிதாபமாகச் சொன்னார்.

அன்புச்செல்வி கடை வாசலுக்குப் போனாள். தொங்கியதில் ஒரு கறுப்பு முழு ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டுப் பஞ்சை அமுக்கிப் பார்த்தாள். அடுத்த அளவை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"குனிங்க."

குனிந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் துப்பட்டாவில் துடைத்தாள். ஹெல்மெட்டின் இரண்டு பட்டையையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துத் தலையில் இறக்கினாள். காது மடங்காமல் தலை உள்ளே போனது. பிறகு மூக்குக் கண்ணாடியை முன்பக்கமாக, மெதுவாக நுழைத்து மாட்டினாள். தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டி, இரண்டு விரலை உள்ளே விட்டு இறுக்கம் சரியா என்று பார்த்தாள். மொய்தீன் பிச்சை கையை நீட்டி வாய்க்கு நேரே இருந்த சின்னக் காற்றுக் கதவைத் தள்ளிவிட்டார்.

"மூச்சு வுடுங்க. தெரியுதா?" என்றாள் அன்புச்செல்வி.

உள்ளேயிருந்து குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. "நீ தெரியற."

நடராசன் சட்டென்று திரும்பி, ரோட்டில் போகும் பஸ்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் இத்தனை நாளும் அவள் அக்கறையெல்லாம் அவர் ஒருவருக்குத்தான். டீயில் சர்க்கரை குறைத்தது, மாவு மிஷினில் நிற்கும்போது மாஸ்க் போடச் சொல்லி நச்சரித்தது எல்லாம். இனி அதில் பாதி வேறொருவருக்குப் போகும். போகட்டும், நல்ல இடத்துக்குத்தான் போகிறது என்று நினைத்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

"மாமாவுக்கு எப்படி வணக்கம் வக்கிறது?" என்று ஹெல்மெட் கேட்டது.

"ஹேண்டில்லேர்ந்து கைய எடுக்காதீங்க. கடையத் தாண்டும்போது ரெண்டு ஹார்ன் அடிங்க, அப்பா புரிஞ்சிக்கும்" என்றவள் இன்னொரு ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். "ப்பா, நீ வா. குனி."

நடராசன் மறுபேச்சில்லாமல் குனிந்தார்.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் அவர் டம்ளரோடு ரோட்டைப் பார்த்து நின்றார். இரண்டு ஹார்ன் கேட்டது. கையைத் தூக்கினார். அது மல்லாட்டை மூட்டை ஏற்றிக் கடலை மண்டிக்குப் போகும் லாரி. அடுத்து அரசு பஸ் இரண்டு ஹார்ன் அடித்தது. அதற்கும் தூக்கினார். பால் வண்டி, கோழி வண்டி, ஆம்னி வேன் எல்லாம் இரண்டிரண்டாக அடித்துக்கொண்டு போயின. நடுவே பைக்குகளும் போயின, கறுப்பு ஹெல்மெட் மட்டும் ஏழெட்டு இருக்கும். எது மாப்பிள்ளை என்று பிடிபடவில்லை. அவர் ஒருவரையும் விடவில்லை; எல்லாருக்கும் கையைத் தூக்கினார், எல்லாருக்கும் சிரித்தார். சில டிரைவர்கள் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, அது ஆம்புலன்ஸுண்ணே" என்றான் புகழேந்தி.

"இருக்கட்டும்யா. அவுரும் யாருக்கோ மாப்ளதான."

டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. போன் அடித்தது, அன்புச்செல்வி.

"மாப்ள போயிட்டாரும்மா" என்றார் நடராசன் பெருமையாக. "நல்லா ஹார்ன் அடிச்சிட்டுத்தான் போனாரு."

"அவுரு இன்னிக்கு லீவுப்பா" என்றாள் அவள். "விழுப்புரத்துலதான் இருக்காரு. பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டு இப்பத்தான் போன் பண்ணாரு."

நடராசன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நெடுஞ்சாலையில் இன்னொரு லாரி இரண்டு ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் அதற்கும் கையைத் தூக்கினார்.