படத்தில் பச்சை

காலையில் நான் அனுப்பிய செயற்கைக்கோள் படத்தில் விரிகுடா முழுக்கப் பச்சை. பச்சை என்றால் கடல்பனி தடிமன், பனிவண்டி ஓட்டலாம். அதை நம்பி, அடியில் நீரோட்டம் பனியை அரிப்பதால் வழக்கமாகச் சுற்றிப்போகும் முனையைக் குறுக்கே கடந்து சீல் வேட்டைக்குப் போயிருந்தார் ஜோவனசி. அவர் மனைவி ஊலீபிகா ஆய்வு நிலையத்தில் என்னோடு வேலை செய்பவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மதியம் படத்தைச் சரிபார்க்க, நானும் அக்காவும் முனையோரம் துளை போடப் போனோம். அந்த மே மாதம் பாஃபின் தீவில் பனி கொட்டித் தீர்த்திருந்தது. மேல்பனியை வாரித் தள்ளினேன். அடியில் சொதசொதவென்று ஈரம். நாக்கில் வைத்தால் உப்பு.

மேல்பனியின் பாரத்தில் கடல்பனிக் கட்டி அமுங்கி, கடல்நீர் மேலேறியிருக்கிறது. செயற்கைக்கோளின் ரேடார் அலை மேல்பனியைத் துளைத்துக் கட்டியில் பட்டுத் திரும்ப வேண்டும். இந்த உப்பு ஈரத்தைத் தாண்ட முடியாமல் மேலேயே திரும்பிவிட்டது. கட்டி கடலுக்கு மேல் உயரமாக நிற்கிறது என்று நினைத்து, கணக்கு அதைத் தடிமன் ஆக்கிவிட்டது. துளைக்கருவியை அழுத்தினேன். ஒரு சாணில் தண்ணீர் கொப்பளித்தது.

இருவரும் கரைக்கு ஓடினோம். அக்கா ரேடியோவை எடுத்தார்.

"எங்க இருக்க?"

"முனைக்கு நேரா. டீ குடிக்க நின்னேன். ரெண்டு சீல் கெடச்சுது. தம்பியோட பச்சை மேல வண்டி ஜம்முனு ஓடுது."

தூரத்து வெள்ளையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது.

"உடனே கிளம்பச் சொல்லுங்கக்கா."

அவர் என்னை முறைத்தார். இந்த ஊரில் பெரியவர் ஒருவரை யாரும் ஏவுவதில்லை. கண்டதைச் சொல்வார்கள், முடிவு கேட்பவருடையது.

"முனையில துளை போட்டோம். ஒரு சாண்தான் இருக்கு. தண்ணி வந்துருச்சு."

ரேடியோ இரைந்தது. "என் காலடியிலயும் வருது. சுமைய இறக்கட்டுமா?"

அக்கா கரும்புள்ளியைப் பார்த்தபடி ரேடியோவை அழுத்தினார்.

"இறக்காத. கிளம்பு. எங்கயும் நிக்காத."

அதுவரை அக்கா யாரையும் ஏவி நான் கேட்டதேயில்லை.

புள்ளி பெரிதானது. பின்னால் வண்டித்தடம் தண்ணீர் ஏறிக் கருத்துக்கொண்டே வந்தது. இழுவைச் சறுக்குவண்டி ஒரு பக்கம் சாய்ந்து, சீல்களோடு உள்ளே போனது. கயிறு அறுந்து காற்றில் சுழன்றது. ஜோவனசி கரையேறி இன்ஜினை அணைத்தார். இடுப்புவரை நனைந்திருந்தார்.

"நல்ல பச்சைடா தம்பி," என்றார். பிறகு, "அந்தப் படத்தப் பாத்துட்டு வேற யாரு போயிருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஊரில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

அக்கா மறுபடி ரேடியோவை அழுத்தினார். "முனைப் பக்கம் யாராவது இருக்கீங்களா?"

இரைச்சல் மட்டும் வந்தது.