விடக் கூடாத கை

கருமம், எண்பது கிலோவுக்கு இவனை விட்டால் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றிருந்தது தேவனுக்கு. லகாட் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஞாயிறு காலை நடக்கும் ஜூடோ வகுப்புக்கு அவன் வந்து மூன்று வாரம் ஆகிறது. தங்கை குமுதாவின் புருஷன் தர்மாவும் தொப்பையைக் குறைக்க அதே வகுப்பில் சேர்ந்திருந்தான். இதுவரை ஆளுக்கொரு மூலையில் விழத்தான் பழகினார்கள். இன்று இடுப்பில் ஏற்றி எறியப் பழகும் நாள். பயிற்சியாளர் கலாதேவி எடை பார்த்து இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டாள்.

முதலில் எதிராளியைக் குனிந்து வணங்க வேண்டும். தர்மா பல்லைக் காட்டிக்கொண்டு குனிந்தான். தேவன் ஒப்புக்குத் தலையை ஆட்டிவைத்தான்.

போன தீபாவளிக்கு முந்திய வாரம் குமுதா வீங்கிய கன்னத்தோடு தாய்வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். கன்னத்தில் நான்கு விரல் பதிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வீடே கூடி உட்கார்ந்தது. பத்தாம் நாள் அவளைக் கூட்டிப்போக வந்த தர்மாவுக்கு அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். வீட்டு மாப்பிள்ளையை யார் கேள்வி கேட்பது? தேவனும் பக்கத்தில் உட்கார்ந்து அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு குமுதா இரண்டு முறை விழுந்துவிட்டாள்.

தேவன் இடது கையால் தர்மாவின் வலது சட்டைக்கையைப் பிடித்தான். அடித்த கை அதுதான். மறுகையை அவன் இடுப்பில் சுற்றிப் போட்டுத் திரும்பினான். ஆனால் உடம்பு ஒட்ட மறுத்தது. நடுவில் ஒரு சாண் விட்டே நின்றான். தூக்கப் பார்த்தபோது தர்மா பக்கவாட்டில் நழுவினான்.

“நல்லா ஒட்டணும்ணே. இடைவெளி இருந்தா ஏறாதுலா,” என்றாள் கலாதேவி. “அவரு விழுறப்ப அந்தக் கைய மட்டும் விட்றாதீங்க. விட்டா தலை அடிபடும்.”

விட்டால்தான் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? புதுசு, கை வழுக்கிவிட்டது என்றால் முடிந்தது.

இம்முறை முட்டியை மடக்கி, முதுகை அவன் நெஞ்சோடு அழுத்தினான். சீ! பவுடரும் வேர்வையும் கலந்த வாடை. ஈரத் தொப்பை முதுகில் அப்பிக்கொண்டது. காதோரம் அவன் மூச்சு சுட்டது.

“குமுதா இன்னிக்கு ஆட்டுக்கறி வெக்கிறா. மத்தியானம் வீட்டுக்கு வா மச்சான்.”

தேவன் முட்டியை நிமிர்த்தினான். தர்மாவின் கால்கள் தரையை விட்டன. மொத்த எடையும் இடுப்பில் ஏறி நின்றது. இப்போது விடு, இப்போது விடு என்று மனசு கத்தியது. விரல்கள் திறக்கவில்லை. தர்மா அலுங்காமல் மெத்தையில் விழுந்து, பழகியபடி மறு கையால் தட்டினான்.

“பாத்தீங்களா, கடைசி வரைக்கும் விடல,” கலாதேவி மற்றவர்களுக்குக் காட்டினாள். “இவர நம்பி யாரு வேணும்னாலும் விழலாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். தேவனுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

“விடு மச்சான், எந்திரிக்கணும்.”

தேவன் குனிந்தான்.

“குமுதா எப்படி விழுந்தா?”

கேட்டது தர்மாவுக்கு மட்டும்தான். அடுத்த ஜோடி குனிந்து வணங்கிக்கொண்டிருந்தது. தர்மா கையை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மல்லாந்து கிடந்தவனின் உதட்டில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.