தண்ணீரைத் தள்ளி வைத்தவள்

கருப்பாயியின் வயிறு வளர்வதற்குப் பதிலாகக் குறைந்தது. ஏன் என்று டொரத்திக்குப் பிடிபடவே இல்லை. கூலாய் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியின் பிரசவ நர்ஸ் அவள். அளவு நாடா, ஜப்பான்காரன் வந்த கலவரத்தில் தொலைந்துபோனதால், பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றை நூலால் அளந்து முடிச்சுப் போட்டு வைப்பாள். ஒன்பதாம் மாதத்தில் கருப்பாயியின் நூல் இரண்டு விரற்கடை சுருங்கியிருந்தது. வயிற்றில் கை வைத்தால் பிள்ளையின் குதிகால் நேராகத் தட்டுப்பட்டது. பனிக்குடமும் உடையவில்லை. அப்படியானால் உள்ளே இருந்த நீர் எங்கே போனது? இப்படியே வற்றினால் பிள்ளை தங்காது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

எதையும் குடைந்து பார்க்காவிட்டால் டொரத்திக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அந்த நாளில் சோறு ஏது, மரவள்ளிக்கிழங்குதான் என்பது வேறு கதை. நேரே கருப்பாயி குடியிருந்த கூலி லயத்துக்கே போய்விட்டாள். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. கருப்பாயியோ ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் புள்ள, தண்ணி குடிக்க மாட்டியா?"

"பயமா இருக்கு நர்சம்மா. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாக்கா வீங்கியே செத்தாங்க. கால்ல ஆரம்பிச்சு நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு. நான் குடிச்சா புள்ளையும்ல வீங்கிப்போகும்."

டொரத்திக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. "அடி கூறுகெட்டவளே, அது குடிச்ச தண்ணி இல்ல. வெறும் கிழங்கையே தின்னு சத்தில்லாம வர்ற வீக்கம். தவிடு தின்னா வடியும்."

கருப்பாயி நம்பவில்லை.

"சரி, நான் ஒரு குவளை, நீ ஒரு குவளை. என் கால் வீங்குனா நீ நிறுத்திடு."

பத்து நாள் இருவரும் போட்டி போட்டுக் குடித்தார்கள். தினமும் டொரத்தியின் கணுக்காலைக் கருப்பாயி அமுக்கிப் பார்த்தாள், குழி விழவில்லை. நூல் ஒரு விரற்கடை நீண்டது.

பதினோராம் நாள் உச்சிப்பொழுதில் பிள்ளை பிறந்தது. ஆண். நோஞ்சான், தோலெல்லாம் சுருக்கம், ஒரு பாதம் உள்ளே மடங்கியிருந்தது. ஆனால் அழுதான். டொரத்தி வீட்டுக்குப் போகவில்லை. நீர் வற்றியதற்குக் காரணம் பிள்ளையின் உடம்புக் குறையாக இருந்தால் அதற்கு மூத்திரம் வராது என்று, ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையையும் சேர்த்துப் பார்த்த டிரசர் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு அவள் மடியை நனைத்தான். டொரத்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பொழச்சுக்குவான் கருப்பாயி! பாதத்த நீவி நீவி நேராக்கிடலாம்."

"அப்ப தண்ணியப் பத்தி நீங்க சொன்னது நெசந்தானா?" கருப்பாயி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போனப்ப நான் சொல்லித்தான் அனுப்புனேன். கால் வீங்குனா தண்ணியே குடிக்காதீங்கன்னு. நான் சொன்னா அவரு தட்ட மாட்டாரு, நர்சம்மா."

டொரத்தி பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினாள்.